மீற்றர் சொன்ன பொய்

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் குளம்பின் ஓசையைக் கேட்பார். எங்கள் பாட்டனார் காலத்தில் வண்டில் மாடு ஒன்று வாங்குவதென்றால் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழமை ஆலோசனை நடக்கும். இன்று அந்த மாட்டின் இடத்தை மோட்டார் வான் பிடித்துக்கொண்டது. மாட்டைக் காட்டிலும் பல மடங்கு விலை கொடுத்து அதனை வாங்குகிறவர்களோ, வர்ணம் பளபளக்கிறதா, பாட்டுப்பெட்டி பாடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வானைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் இல்லத்தரசிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாமான் ஏற்றும் வான் ஒன்று முற்றத்தில் நிற்குமாயின், அது அக்குடும்பத்தின் இன்னோர் உறுப்பினர். அது படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அதன் முதற் சில்லு மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியதாகவே இருக்கும். ஆகவே இது குடும்ப விஷயந்தான்.

சிறு வியாபாரிக்கென்று பிறந்த வாகனம் இந்த வான். ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் வான் 1950இல் உற்பத்திக்கு வந்தது. இங்கிலாந்தில் போர்ட் டிரான்சிற் 1965இலும், ஜப்பானில் ரொயோட்டா ஹையேஸ் 1967இலும் தோன்றின. நம் நாட்டு வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அரசோச்சிய காலம் கழிந்து, ஜப்பான் வான்களின் காலம் வந்தது. ஒன்றுக்கு ‘டொல்பின்’ என்று செல்லப் பெயரும் சூட்டிவிட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வான் பொன்னாயிற்று. பொன்னுக்கு உரைகல் உண்டு. பழைய வானுக்கு உரைகல் யாது? இதனை அறியவே, எனக்குத் தெரிந்த மூவர் தம் வான்களோடு பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர் என் தங்கையின் மகன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றித் திருநெல்வேலிச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். 2021இன் தொடக்கத்தில் டீசல் வான் ஒன்றை வாங்கினார். மீற்றர் 84,000 கிலோமீற்றர் காட்டியது. மருமகளின் சங்கிலி அதற்காக அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்த வானின் எஞ்சினில் ரைமிங் பெல்ட் என்றொரு பல் வைத்த இறப்பர் வார் உண்டு. கீழே சுழலும் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் மேல் தண்டையும் ஒன்றோடொன்று தாளம் தவறாமல் பிணைப்பது அதுவே. கீழ்த் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது மேல் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இத்தகைய எஞ்சினில் வார் அறுந்தால் தாளம் கெட்டு, மேலெழும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதிவிடும். ஆதலால் ஒவ்வோர் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அதனை மாற்றிவிட வேண்டும் என்பது அவ்வகை ஜப்பான் டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு விதி. மருமகனுக்கு விதி தெரியும். ஆண்டு முடிவில் மீற்றர் 97,000ஐத் தொட்டபோது, “இன்னும் மூவாயிரம் இருக்கிறது, மாமா. தை பிறந்ததும் மாற்றிவிடுவேன்” என்றார்.

மார்கழி மாதத்து ஒரு விடியற்காலை. தக்காளியும் கரட்டும் லீக்சுமாக ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வந்தவர், முறிகண்டியில் வழக்கம்போல் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கினார், புறப்பட்டார். கிளிநொச்சி வருவதற்கு முன் எஞ்சின் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிட்டது. வார் அறுந்து, வால்வுகள் வளைந்திருந்தன. வேறொரு வாகனம் பிடித்துச் சரக்கைச் சந்தைக்குச் சேர்த்தபோது வெயில் ஏறிவிட்டது. தக்காளியில் பாதி விலைபோகவில்லை.

எஞ்சினைத் திறந்த மெக்கானிக் அநுபவஸ்தர். கால்மிதியின் இறப்பரைக் காட்டி, “தம்பி, தொண்ணூற்றேழாயிரம் ஓடிய வண்டியில் இது இப்படித் தேயாது” என்றார். ஆசனத்தைக் கழற்றியபோது, எண்ணெய் மாற்றிய கராஜ் ஒன்றின் சிறு அட்டை அகப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய திகதி. எழுதியிருந்த எண் 168,000! விற்றவர் மீற்றரைத் திருப்பியிருக்கிறார். உண்மையில் வண்டி இரண்டு இலட்சத்தை நெருங்கியிருந்தது. அவ்வளவு தூரமும் அந்தப் பழைய வார் பொறுத்திருந்ததென்றால், வண்டியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. எஞ்சினைச் சீராக்கும் செலவுக்காக, மீட்டு ஒரு மாதமும் ஆகாத சங்கிலி இரண்டாம் முறையும் அடகுக் கடைக்குப் போயிற்று.

இரண்டாமவர் வடமராட்சிக் கரையிலிருந்து மீன் ஏற்றும் ஒரு முதலாளி. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமைப்பட்டபோது, ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை இந்தப் பக்கத்து மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வோம். நம்மவர் அந்த வித்தையில் கைதேர்ந்தவர். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தபோது பழைய ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய் அப்போது லீற்றர் 87 ரூபா. அவ்வாண்டு ஆகஸ்டில் அது 340 ரூபாவாகும் வரை டீசலோடு அதனைத் தாராளமாகக் கலந்து ஓடினார்.

வான் ஓடத்தான் செய்தது. சில மாதங்களின் பின் நின்றுவிட்டது. பழைய பெற்றோல் காருக்கும் டீசல் வானுக்கும் உள்ள வேற்றுமையை அவர் எண்ணவில்லை. டீசலை மிகுந்த அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் பீச்சும் பம்பின் உறுப்புகள், மயிரிழையும் நுழையாத நெருக்கத்தில் ஒன்றோடொன்று உராய்பவை. அவற்றுக்குத் தனி எண்ணெய் கிடையாது. அந்த டீசலே அவற்றை வழுக்க வைக்கும் எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பு தேய்ந்தது. மிச்சம் பிடித்த காசு முழுவதும், அதற்கு மேலும், பம்புக்குப் போயிற்று. போதாதற்கு, ஐஸ் கரைந்த உப்புநீர் வடிந்து வண்டியின் அடித்தளத்தையும் தின்றுவிட்டது. “ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவப் பஞ்சிப்பட்டேன், மாஸ்ரர்” என்று அவரே ஒப்புக்கொண்டார். அவரும் வானைத்தான் திட்டினார்.

மூன்றாமவர் பேக்கரிக்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வான். காலை நான்கு மணிக்குப் பாண் ஏற்றிப் புறப்பட்டால் ஆறு மணிக்குள் கடைகளுக்குக் கொடுத்து முடிப்பார். அந்த வான் அவரை ஒரு தரமும் நடுவழியில் விட்டதில்லை. இரகசியம் என்னவென்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தார். எந்தத் திகதியில், எத்தனையாவது கிலோமீற்றரில் எண்ணெய் மாற்றினார், வடிகட்டி மாற்றினார், பிரேக் கட்டைகள் போட்டார் என்று பள்ளிக்கூடத்து வரவு இடாப்பைப் போல் வரிசையாக எழுதியிருந்தார். ஆயிரம் கிலோ ஏற்றும் வண்டியில் ஆயிரத்துக்கு மேல் ஏற்றியதில்லை. “கூட ஏற்றினால் ஓடும், மாஸ்ரர். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது” என்றார். பாரம் கூடினால் பிரேக் அடக்க வேண்டிய வேகத்தின் வலுவும் அதே அளவுக்குக் கூடும். அதனை அவர் தம் பாஷையில் சொன்னார்.

இந்த மூன்று கதைகளோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் முதலாவது கதை முடியவில்லை.

பேக்கரிக்காரரைப் பார்த்து மருமகனும் ஒரு கொப்பி போட்டார். புதிய வார் போட்ட நாள் முதல் எல்லாவற்றையும் எழுதினார். வான் அவருக்கு நன்றாகவே உழைத்தது. சங்கிலியும் மீண்டு வந்தது. 2025இல் இறக்குமதி திறந்ததும், அதனை விற்று வேறொன்று வாங்க எண்ணினார். மீற்றரில் 193,000. ஆனால் திருப்பப்பட்ட கணக்கையும் கூட்டினால் மூன்று இலட்சம் வரும். வாரும் இன்னும் நாலாயிரத்தில் மாற்ற வேண்டியது. வாங்க வந்தவர் எங்கள் அயல் வீட்டுப் பொடியன். தகப்பன் இல்லை. தாயார் அரைத்துக் கொடுக்கும் மிளகாய்த்தூளையும் அரிசிமாவையும் கடைகளுக்குக் கொண்டுசெல்ல அவனுக்கு ஒரு வான் வேண்டியிருந்தது.

தரகர் வந்தார். “மீற்றரை ஒரு இலட்சத்து இருபதுக்குக் கொண்டுவருவோம், இன்னும் மூன்று இலட்சம் ரூபா கூடக் கிடைக்கும்” என்றார். மருமகன் பேசாமலிருந்தார். அன்றிரவு நான் இதைப் பற்றி எடுத்தபோது அவருக்குக் கோபம் வந்தது.

“எனக்கு விற்றவர் என்னிடம் உண்மை சொன்னாரா, மாமா? எல்லாரும் செய்வதைத்தானே செய்யப் போகிறேன்? நான் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும்?”

முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நீதி நூல் படிப்பித்தவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் ஏமாந்தது உண்மை. அந்த நட்டத்தை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவுமில்லை.

விடை சமையலறையிலிருந்து வந்தது. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு பழைய அடகுச் சீட்டுகளையும், ஆசனத்தின் கீழ் அகப்பட்ட அந்த அட்டையையும் மேசையில் வைத்தாள். மூன்றையும் அவள் ஒன்றாகவே பத்திரப்படுத்தியிருந்தாள்.

“பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு சங்கிலிதான் இருக்கிறது” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மருமகன் கொப்பியையும் அட்டையையும் கொண்டுபோய்ப் பொடியனிடம் கொடுத்தார். மீற்றரின் உண்மையையும், வார் மாற்ற வேண்டிய கணக்கையும் சொன்னார். தரகர் முறைத்துக்கொண்டு எழும்பிப் போனார். விலை மூன்று இலட்சம் குறைந்தது. பொடியன் அந்தக் காசின் ஒரு பகுதியில் முதலில் வாரை மாற்றினான். அதன் பின்னரே மூட்டை ஏற்றினான்.

பழைய வான் வாங்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். வண்டி பார்க்கப் போகும் நேரத்தை முன்னதாகச் சொல்லாதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கரும்புகை ஓயாவிடில் டீசலுக்கேற்ற காற்றுப் போகவில்லை, அல்லது பீச்சும் உறுப்புகளில் கோளாறு. வெண்புகை நெடுநேரம் நின்றால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று ஐயுறுங்கள். எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். பால்போலக் கலங்கியிருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். வர்ணத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள். மீற்றரைப் பார்ப்பதற்கு முன் கால்மிதியையும், ஸ்ரியறிங் வளையத்தையும், ஆசனத்தின் ஓரத்தையும் பாருங்கள். ரைமிங் பெல்ட் மாற்றியதற்கு எழுத்து மூலமான சான்று இல்லையாயின், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அச்செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “கொப்பி இருக்கிறதா?” என்று கேளுங்கள்.

விற்கப் போகும் அன்பர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்கு அந்த மூன்று இலட்சத்தில் இன்றும் சிறிது மனத்தாங்கல் உண்டு. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சென்ற ஞாயிறு, பொடியன் முதல் எண்ணெய் மாற்றிவிட்டு வந்து, கொப்பியில் அதனை எப்படி எழுதுவதென்று கேட்டபோது, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மருமகன் எழுதிய கடைசி வரிக்குக் கீழே பொடியனின் முதல் வரி ஏறியது. போகும்போது, தாயார் தந்துவிட்டதாக ஒரு பொதி மிளகாய்த்தூளை வைத்துவிட்டுப் போனான். நல்ல உறைப்பு.