கரண்ட் போனால் நம் மஹல்லாவில் முதலில் எது எரிய வேண்டும்?



ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மஹல்லாவிலும் பேசி முடிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்டது நமக்குத் தெரியும். மண்சரிவு வீதிகளை அடைத்தது. பல ஊர்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை இன்று பெரும்பாலும் போனுக்குத்தான் வருகிறது. போன் செத்துவிட்டால் மஞ்சளும் தெரியாது, சிவப்பும் தெரியாது. ஆகவே கரண்ட் நமக்கு வசதிக்கான பொருள் மட்டுமல்ல, அந்த மூன்று நாலு நாளில் அது உயிர்ப் பிரச்சினை.

"எங்கள் கூரையில் சோலார் இருக்கிறதே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்துக்குப் பிறகு கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் என்று நிறைய இடங்களில் பூட்டப்பட்டவை பெரும்பாலும் பொது மின்சார லைனோடு சேர்ந்து ஓடுபவை. லைனில் கரண்ட் நின்றவுடன் அவையும் தானாக நின்றுவிடும். உடைந்த கம்பியைச் சரி செய்யும் ஊழியரை நம் கூரைக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பெட்டரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இல்லாவிட்டால், கூரையில் எத்தனை பேனல் இருந்தாலும் கீழே இருட்டுத்தான். இன்னொன்று, பதுளைக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. மண்சரிவுக் காலத்தில் வெயிலை எதிர்பார்த்திருக்க முடியாது. மழைக்கு முன் சேர்த்து வைத்ததை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

இந்த எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. நாரங்கல மலையில் டென்ட் அடித்துத் தங்கப் போகும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். பவர் பேங்கில் எத்தனை சார்ஜ் மிச்சம், எப்போது ஏரோபிளேன் மோடில் போட வேண்டும், எந்த லைட்டை அணைக்க வேண்டும் என்று சரியாகச் சொல்வார்கள். வேனையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். 2002இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் ஊவாவின் கிராமங்களுக்குச் சின்ன சோலார் பேனல்கள் வந்த காலத்தில், நம் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. லைன் கரண்ட் வந்ததும் அது மறந்து போனது.

கணக்கு கஷ்டமில்லை. 12 வோல்ட், 100 அம்பியர் பெட்டரி ஒன்றில் இருப்பது 1200 வொட் மணி, அதாவது பில்லில் வரும் யுனிட் கணக்கில் 1.2 யுனிட். சாதாரண லெட் அசிட் பெட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக 600. இனி செலவு:

9 வொட் எல்இடி பல்ப் மூன்று, ஐந்து மணி நேரம்: 135.
போன் 15, ஒவ்வொன்றும் ஒரு முழு சார்ஜ்: சுமார் 300.
வீசிங் உள்ள பிள்ளைக்கு நெபுலைசர், பத்து நிமிடப்படி நாலு தடவை: சுமார் 100.
அறிவித்தல் சொல்ல 40 வொட் ஒலிபெருக்கி, அரை மணி நேரம்: 20.

மொத்தம் 555. பெட்டரி முடிந்தது. எலக்ட்ரிக் கேத்தலில் ஒரு தடவை தண்ணீர் கொதிக்க வைத்தால் ஏழு போனின் சார்ஜ் போய்விடும். தேத்தண்ணீருக்கு விறகோ கேஸோ இருக்கட்டும்.

இது ஒரு நாள் கணக்கு. மூன்று நாள் என்றால் மூன்றால் பிரிக்க வேண்டும். அப்போது ஒரு நாளைக்கு ஐந்து போன்தான். யாருடைய ஐந்து? இந்தக் கேள்வியை இருட்டில், மழையில், பயத்தில் நின்றுகொண்டு கேட்டால் சத்தம் உள்ளவருடைய போன்தான் சார்ஜ் ஆகும். இப்போதே உட்கார்ந்து பேசினால் நீதியாக முடிவெடுக்கலாம்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான். ஏசிக்கும் அலங்கார விளக்குக்கும் வசூல் செய்கிற நாம், ஒரு நல்ல பெட்டரிக்கும் இன்வேர்ட்டருக்கும் வசூல் செய்ய முடியாதா? இருக்கிற சோலாரோடு பெட்டரியைச் சேர்க்க முடியுமா என்று பூட்டிய கம்பனியிடம் கேளுங்கள். பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி, போன் இல்லாத நேரத்தில் ஊரை எழுப்பும். அது பெட்டரியில் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். நெபுலைசர் தேவைப்படுவோரின் பட்டியல் ஒன்று எழுதி வையுங்கள். இன்சுலினுக்காக ஃபிரிட்ஜ் ஓட்டப் பெட்டரியைக் காலியாக்கத் தேவையில்லை. பெரும்பாலான வகைகள் 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் சுமார் நாலு வாரம் இருக்கும், பெட்டியிலுள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரத்திலோ ஓட்ட வேண்டாம். அதன் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்து போனில் ஒன்றாவது மேலே லயத்தில் இருப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனது தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். சரிவில் முதலில் வெடிப்பைக் காண்பவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய போன் உயிரோடு இருந்தால் கீழே இருக்கும் நம் பிள்ளைகளும் தப்புவார்கள். அயலவரின் ஹக் என்று மிம்பரில் கேட்பதை நடைமுறையில் காட்ட இது ஒரு சந்தர்ப்பம்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பட்டியல் எழுதும் வேலையை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பொறுப்பெடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நம் மலைநாட்டைப் பாதுகாப்பானாக.