மேல்கோட்டைப் படிகளும் முழங்கால் மருத்துவமும்

மேல்கோட்டையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இராமானுசரிலிருந்து தொடங்கும். ஒய்சள நாட்டில் அவர் தங்கிய காலம், திருநாராயணபுரம் கோயிலின் வழிபாட்டு முறை, மண்டயம் ஐயங்கார்களின் தமிழ், சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவடிகள் என அவை விரியும். அவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் அந்த ஊரை நாள்தோறும் இயக்கிக்கொண்டிருக்கும் முழங்கால்களும் இடுப்புகளும் தோள்களும் ஆய்வுத் தலைப்புகளாக எளிதில் அமைவதில்லை. மருத்துவத்துறைக்கும் அவை பெரிய பொருட்டாகத் தெரியவில்லை. மூட்டுவலி, முதுகுவலி என்றால் வயதின் வரவு என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை நோயாளியிடம் மட்டும் இல்லை. திட்டம் தீட்டுவோரிடமும் இருக்கிறது.

இந்த மனநிலைதான் கேள்விக்குரியது. பொதுவான மூட்டு, தசை வலிகளுக்கு இன்றைய மருத்துவ அறிவு முதன்மையாகப் பரிந்துரைக்கும் சிகிச்சை விலை உயர்ந்ததன்று. அது பயிற்சி. ஒருவர் அருகிலிருந்து கற்பித்து, சில வாரங்கள் தொடர்ந்து கவனித்து, படிப்படியாகச் சுமையைக் கூட்டித் தரவேண்டிய பயிற்சி. 'அருகிலிருந்து' என்னும் அந்த ஒரு சொல்லைத்தான் நம் மருத்துவ அமைப்பு இன்றுவரை நிறைவேற்றவில்லை.

மேல்கோட்டை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மலையுச்சியில் யோக நரசிம்மர் கோயில். வண்டிப்பாதை ஒரு கட்டத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் கற்படிகள்தாம். யாத்திரிகர் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி, மறுநாள் கால்வலியோடு ஊர் திரும்புவார். அர்ச்சகர், பரிசாரகர், படியோரம் பூவும் தேங்காயும் விற்பவர் ஆகியோருக்கு அது அன்றாடம். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம். பெர்லின் ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால் மூட்டுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சமதளத்தில் நடக்கும்போது மூட்டின்மேல் விழும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கவேண்டும். அந்தத் தசை வலுவாக இருந்தால் மூட்டு தப்பும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு படியும் மூட்டின்மேல் விழும்.

ஊருக்குள் தறிகள் உண்டு. ஜெயப்பிரகாஷ் நாராயணனின் செயலாளராக இருந்த சுரேந்திர கௌலகி 1960-இல் மேல்கோட்டையில் தொடங்கிய ஜனபத சேவா அறக்கட்டளை, கதரையும் கைத்தறியையும் அங்கே வேரூன்றச் செய்தது. இயற்கைச் சாயமிட்ட கைத்தறித் துணியை அணிவோர், அது எத்தனை மிதிகளால் ஆனது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நெசவு என்பது ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பச் செய்யும் தொழில். ஒரு கை நாடாவின் கயிற்றை இழுக்க, மறுகை பலகையை அடிக்க, கால்கள் மாறிமாறி மிதிக்க, முதுகு பாவின்மேல் வளைந்தே இருக்கும். குழித்தறியானால் சாய்வதற்கு முதுகுப்பலகையும் கிடையாது. கழுத்து, தோள்பட்டை, கீழ்முதுகு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் உழைக்கின்றன. ஓய்வு மட்டும் மூன்றுக்கும் ஒருசேரக் கிடைப்பதில்லை. இங்கே வலியை வயதோடு முடிச்சுப்போட முடியாது. முப்பத்தைந்து வயது நெசவாளரின் முதுகுவலி முதுமையன்று. அவருடைய வேலையின் வடிவம்.

பங்குனியில் வைரமுடி சேவை. செல்லப்பிள்ளை வைரமுடி தரித்து வீதியில் எழுந்தருளும் அந்த இரவில், பெருமாளின் எடையும் வாகனத்தின் எடையும் சிலருடைய தோள்களின்மேல் நெடுநேரம் நிற்கின்றன. திருமுடி மண்டியா கருவூலத்திலிருந்து காவலோடு வருகிறது. அதற்கென்று ஓர் ஏற்பாடு, ஒரு பதிவேடு, ஓர் அதிகாரி எல்லாம் உண்டு. தாங்கும் தோள்களுக்குத் தைலமே துணை.

வலி வந்தபின் நடப்பது எல்லா ஊர்களிலும் ஒன்றுதான். முதலில் தைலம். அடுத்து, கேட்டவுடன் மருந்துக்கடையில் கிடைக்கும் வலிமாத்திரை. அது சில நாள் தின்றால் குற்றமில்லை. மாதக்கணக்கில், அதுவும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் தின்றால், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பிறகு மைசூருக்குப் பயணம், ஓர் எக்ஸ்ரே, ஒரு சொல்: 'தேய்மானம்'.

இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தேய்மானம் என்றால் செருப்பு தேய்வதுபோல், வண்டிச்சக்கரம் தேய்வதுபோல் என்றே கேட்பவர் கொள்வார். தேய்ந்த பொருளைப் பயன்படுத்தினால் மேலும் தேயும். ஆகவே நடையைக் குறைப்பார், படியைத் தவிர்ப்பார், தரையில் உட்காருவதை விடுவார். ஆனால் மூட்டு செருப்பன்று. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டு அசைந்து, சுமை ஏறி இறங்கும்போதுதான் மூட்டுநீரிலிருந்து அதற்கு ஊட்டம் சென்று சேர்கிறது. அசையாத மூட்டு பாதுகாக்கப்படும் மூட்டு ஆகாது. நடை குறைந்தால் தசை தளரும். தசை தளர்ந்தால் வலி கூடும். வலி கூடினால் நடை மேலும் குறையும். 'டிஸ்க் விலகிவிட்டது' என்பதும் இப்படியொரு சொல்தான். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வொன்றின்படி, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுச் சிதைவு படத்தில் தெரிந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலியின் காரணம் ஆகாது என்பது மருத்துவர் அறிந்ததே. நோயாளியிடம் அதைச் சொல்ல நேரமில்லை; 'தேய்மானம்' என்பது ஒரே சொல், விரைவில் சொல்லிவிடலாம்.

(காய்ச்சலோடு வரும் முதுகுவலி, சிறுநீர் அடக்கமுடியாமை, கால் மரத்துச் செயலிழத்தல், காலையில் நெடுநேரம் விறைத்து வீங்கும் மூட்டுகள், விழுந்தபின் வரும் வலி ஆகியவை வேறு வகை, அவற்றை உடனே மருத்துவர் பார்க்கவேண்டும். இங்கே பேசப்படுவது பெரும்பான்மையான மற்ற வலிகளைப் பற்றி.)

இயன்முறை மருத்துவத்தின்மேலும் குறை உண்டு. தென்னிந்திய நகரங்களில் பிசியோதெரபிக்குப் போவதை மக்கள் 'கரண்ட் வைக்கப் போவது' என்றே சொல்கிறார்கள். அந்த வழக்கு தானாகத் தோன்றியதன்று. படுக்கவைத்துக் கருவியை இணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எழுப்பி அனுப்பும் நிலையங்களே அதை உருவாக்கின. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மூட்டுத்தேய்வு வழிகாட்டி, உடற்பயிற்சியை அனைவருக்கும் உரிய அடிப்படைச் சிகிச்சையாக வைத்தது. மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் போன்ற கருவிச் சிகிச்சைகளை அளிக்கவேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியும் கல்வியையும் பயிற்சியையும் முன்னிறுத்தி, முதுகை இழுக்கும் டிராக்ஷனையும் இடுப்புப் பட்டையையும் அல்ட்ராசவுண்டையும் வேண்டாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்களில் நோயாளி காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பட்டியலுக்கே. கருவி கண்ணுக்குத் தெரிகிறது. பயிற்சி 'வெறும் எக்சர்சைஸ்' ஆகிவிடுகிறது. நல்ல இயன்முறை மருத்துவர்களே இதைக் கடிந்து பேசுகிறார்கள். ஆனால் நோயாளிக்குக் கற்பிக்கச் செலவிடும் முக்கால் மணி நேரத்துக்குக் கட்டணம் கேட்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை.

பயிற்சி என்றால் என்ன அளவு? டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' என்னும் திட்டம் முழங்கால், இடுப்பு மூட்டுவலிக்காரர்களுக்கு நோயை விளக்கும் சில வகுப்புகளையும் மேற்பார்வையில் 12 பயிற்சி அமர்வுகளையும் வாரத்துக்கு இரண்டாக அளிக்கிறது. பின்னர் பல நாடுகள் அதை மேற்கொண்டன. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நாற்காலி, ஒரு படி, இழுவைப்பட்டை, பயிற்சி பெற்ற ஒருவர்.

இந்த 12 அமர்வுகளை மேல்கோட்டைக்குக் கொண்டுவந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். 1939-இல் மண்டியா தனி மாவட்டம் ஆகும்வரை ஊர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றும் பெரிய மருத்துவம் என்றால் மைசூர்தான். தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 12 முறை போய்வந்தால் 1,200 கிலோமீட்டர், முதுகுவலியோடு பேருந்தில். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருநாள் தறி நிற்கும், கூலி போகும். எந்த நெசவாளரும் இரண்டாம் பயணத்துக்குமேல் போகமாட்டார். 'கிராமத்து நோயாளிகள் பயிற்சியைத் தொடர்வதில்லை' என்று மருத்துவமனைக் குறிப்பேடுகள் எழுதும். கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்தியவரை அக்கறையற்றவர் என்று பதிவது பெரும் அநீதி.

அரசின் ஏட்டில் மூட்டுக்கு எங்கே இடம்? 2018-இல் அறிவிக்கப்பட்டு, இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாறியுள்ள நலவாழ்வு மையங்களுக்கு 12 வகைச் சேவைகள் வரையறுக்கப்பட்டன. கண், காது மூக்கு தொண்டைக்கு ஒரு தலைப்பு, பல்லுக்கு ஒரு தலைப்பு, மனநலத்துக்கு ஒரு தலைப்பு. தசைக்கும் மூட்டுக்கும் தனித் தலைப்பு இல்லை. முதியோர் பராமரிப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். உலகில் 2020-இல் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 61.9 கோடி என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மனிதர் இயலாமையோடு கழிக்கும் ஆண்டுகளுக்கு முதற்காரணமும் அதுவே. அப்படிப்பட்டதற்குத் தலைப்பே இல்லை. மறுபுறம், பிரதமரின் மருத்துவக் காப்பீட்டில் முழங்கால் மாற்று அறுவைக்கு இடமுண்டு; 2017-இல் செயற்கை மூட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பும் விதித்தது. அது நல்ல செயல், ஐயமில்லை. ஆயினும் புறநோயாளிச் சிகிச்சை அந்தக் காப்பீட்டுக்குள் வராது. மூட்டைக் காக்கும் 12 அமர்வுகளுக்குப் பணம் இல்லை. மூட்டை மாற்றும் நாள் வரும்வரை காத்திருந்தால் பணம் உண்டு.

இது மாற்ற முடியாத நிலையன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. இயன்முறை மருத்துவர் அரசு ஊதியத்தில் ஊருக்குள் வரமுடியும் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் அதன் பார்வை பக்கவாதத்தால் படுத்தவர், முடங்கியவர் ஆகியோர்மேலேயே பெரிதும் இருக்கிறது. முடங்குவதற்கு முந்தைய நிலையில், இன்னும் தறியில் உட்கார்ந்திருப்பவரை அது தேடவேண்டியிருக்கிறது. கர்நாடகத்தில் 2024 அக்டோபரில் கோலாரில் தொடங்கிய 'கிருக ஆரோக்கிய' திட்டமும் வீடுதேடிச் செல்கிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் புற்றுநோய் அறிகுறிகளையும் தேடுகிறது. வாசலில் நிற்கும் அதே பணியாளர் 'நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழமுடிகிறதா' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க என்ன தடை?

தொழில்முறை அரங்கில் நடக்கும் விவாதமோ வேறு. துணைநிலை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தபின், இயன்முறை மருத்துவர் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று இடலாமா என்பது பெரும் வழக்காகிவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கூடாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. இரு தரப்புக்கும் சொல்ல நியாயம் இருக்கலாம். ஆனால் பட்டத்துக்காக எழுந்த குரலில் பாதியளவாவது பணியிடங்களுக்காக எழுந்திருக்கவேண்டும். ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். பலர் நகரத் தனியார் நிலையங்களில் சொற்ப ஊதியத்துக்குக் கருவி இயக்குகிறார்கள், அல்லது வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வேலையற்ற பட்டதாரியும் சிகிச்சையற்ற நோயாளியும் 50 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது இதை ஆள்பற்றாக்குறை என்று சொல்வது பொருந்தாது.

'பயிற்சி சொல்லிக்கொடுத்தால் செய்வார்களா?' என்று கேட்போர் உண்டு. நாள் முழுதும் மிதிப்பவரிடம் மாலையில் பயிற்சி செய் என்பது நகைப்புக்கு இடமாகவே தோன்றும். ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. தறி சில தசைகளை ஓயாமல் வாட்டுகிறது. மற்றவற்றைத் தொடுவதே இல்லை. விடுபட்டவற்றை வலுப்படுத்துவதும், மணிக்கொருமுறை எழுந்து முதுகை நிமிர்த்துவதும், உட்காரும் பலகையின் உயரத்தை மாற்றுவதும் தறிக்கூடத்திலேயே நடக்கக்கூடியவை. வாரத்தில் இரண்டு மாலைகள் ஓர் இயன்முறை மருத்துவர் பாண்டவபுரம் வட்டத்துக்குள் சுற்றினால், மேல்கோட்டையில் நெசவாளருக்கு ஓர் அமர்வும் கோயில் பணியாளருக்கு ஓர் அமர்வும் நடத்தலாம். வைரமுடி சேவைக்கு இரண்டு மாதம் முன்பே தாங்குவோரின் தோளுக்கும் காலுக்கும் பயிற்சி தொடங்கலாம். தேர்வடத்தைச் சோதிக்கிறார்கள், வாகனத்தின் மரத்தைச் சோதிக்கிறார்கள், அந்தப் பட்டியலில் தாங்கும் உடலையும் சேர்க்கலாம். மைசூரின் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் தங்கள் இறுதியாண்டு மாணவர்களை ஒரு பருவம் அங்கே அனுப்பினால், செலவு ஓர் அறையும் பேருந்துக் கட்டணமும்.