கட்டி பெரிதாகும்வரை காத்திருக்கலாமா?

மனிதர்களுக்குப் புற்றுநோய் மருத்துவம் செய்பவர் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கருதலாம். சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் சிலர், தம் வீட்டுப் பெண் நாயின் வயிற்றில் தென்படும் கட்டியைப் பற்றியும் கேட்கின்றனர். அக்கட்டி மனிதருக்குத் தொற்றாது. நோயாளர் உள்ள வீட்டிலிருந்து அதன்பொருட்டு நாயை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் நாயின் உயிருக்கு அது ஆபத்தாகலாம்.

பெண் நாய்க்கு மார்பு முதல் தொடையிடுக்கு வரை பெரும்பாலும் 5 இணைப் பால்சுரப்பிகள் உண்டு. பின்பகுதிச் சுரப்பிகளிலேயே கட்டிகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. நடுவயது கடந்த நாயை மாதம் ஒருமுறை படுக்கவைத்து, ஒவ்வொரு சுரப்பியையும் விரல்நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவுக் கட்டியாயினும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புண், காம்பில் இரத்தக் கசிவு, சிவந்து சூடான வீக்கம் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

“பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம்” என்னும் எண்ணத்தையே நான் மிகவும் அஞ்சுகிறேன். இக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கின்றன. எது புற்று, எது அன்று என்பதைத் தொட்டுப் பார்த்து எவராலும் உறுதிசெய்ய இயலாது. 3 செ.மீ.க்குக் குறைவான நிலையில் அகற்றப்படும் புற்றுக்கட்டிகளில் நாய் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலானவற்றுக்கு அறுவை சிகிச்சையே முதன்மையான மருத்துவம். அதற்குமுன் நுரையீரலுக்கு நோய் பரவியுள்ளதா என எக்ஸ்ரே எடுப்பர். அகற்றிய கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதை அம்முடிவே காட்டும்.

“ஒருமுறையாவது குட்டி போடட்டும்” என்று கருத்தடையைத் தள்ளிப்போடுவோர் பலர். குட்டி ஈனுதல் இந்நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 1969-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கருத்தடை செய்யாத நாய்களோடு ஒப்பிடுகையில், முதல் பருவத்துக்கு முன் செய்தவற்றுக்கு ஆபத்து 0.5 விழுக்காடாகவும், ஒரு பருவத்துக்குப் பின் 8 விழுக்காடாகவும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்களுக்குப் பின் 26 விழுக்காடாகவும் இருந்ததாகக் கண்டது. அச்சான்று போதிய வலிமையுடையதன்று எனப் பின்னாளைய மதிப்பாய்வு கூறியதையும் மறைக்கலாகாது. பேரின நாய்களுக்கு மூட்டு நலனையும் எண்ண வேண்டியுள்ளது. எனவே ஏற்ற வயதை மருத்துவரோடு கலந்து முடிவுசெய்யுங்கள். பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் ஊசிகளை நாடாதீர்கள். அவை இக்கட்டிகளுக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில் நாயைக் கவனிக்க நேரம் கிட்டுவது அரிது. அவ்வேளையில் இந்த மாதாந்திரப் பரிசோதனையை வீட்டிலுள்ள வேறொருவரிடம் ஒப்படையுங்கள். சில நிமிடங்களே போதும்.