சந்தேகத்தின் பலன் யாருக்குக் கிடைக்கிறது?

2014 அக்டோபரில், நாட்டின் முன்னணி விளையாட்டாளர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியிருக்கிறார் என்ற தகவல் கசிந்தது. பெயர் அறிவிக்கப்படவில்லை. 'பி' மாதிரி இன்னும் சோதிக்கப்படவும் இல்லை. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை மாமாக் கடை மேசைகளில் அந்தப் பெயர் பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. நவம்பரில் டத்தோ லீ சோங் வெய் என்று அதிகாரப்பூர்வமாகத் தெரிந்தபோது, மலேசியர்களில் பெரும்பாலோர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள். அவர் அப்படிச் செய்பவர் அல்ல, எங்கோ தவறு நடந்திருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பு.

பின்னால் வந்த விசாரணையும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆனால் விசாரணைக் குழு ஆதாரங்களைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது. நாமோ ஆளைப் பார்த்து வந்தோம். அதே சோதனையில் அன்று லின் டான் சிக்கியிருந்தால் நம் மேசைகளில் இதே பெருந்தன்மை இருந்திருக்குமா? இருந்திருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஊக்கமருந்துச் சோதனையில் தோற்றவர்களுக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதற்கு விடை தேடுமுன், அந்தப் பலன் இப்போது யாருக்குக் கிடைக்கிறது, எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சோங் வெய்யின் வழக்கிலிருந்தே தொடங்கலாம். 2014 ஆகஸ்ட்டில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியின்போது எடுக்கப்பட்ட அவரது சிறுநீர் மாதிரியில் டெக்ஸாமெத்தாசோன் காணப்பட்டது. வீக்கத்தையும் வலியையும் குறைக்க மருத்துவர்கள் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து அது. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு அல்ல. போட்டி இல்லாத நாள்களில் அதற்குத் தடை இல்லை, போட்டியின்போது உடலில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முதலில் காயத்துக்கு எடுத்த சிகிச்சையின் மிச்சமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. 2015 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பின் விசாரணைக் குழு வேறு ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டது. அவர் உட்கொண்ட கோர்டிசெப்ஸ் என்ற சீன மூலிகை மாத்திரையின் ஜெலட்டின் கூட்டில் அந்த மருந்து கலந்திருந்தது என்பதே அது. ஏமாற்றும் நோக்கம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று குழு முடிவு செய்தது. இரண்டு ஆண்டு வரை போகக்கூடிய தடை எட்டு மாதமானது. அதுவும் முன்தேதியிட்டு விதிக்கப்பட்டதால் 2015 மே மாதமே அவர் ஆடத் தகுதி பெற்றுவிட்டார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தமது மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளியை வென்றார்.

ஆனால் கோப்பன்ஹேகனில் வென்ற உலகப் போட்டி வெள்ளி திரும்பி வரவில்லை. நோக்கம் இல்லை என்று நம்பிய பிறகும் பதக்கம் பறிக்கப்பட்டது. பலருக்கு அன்று புரியாமல் போனது இதுதான். நிரபராதி என்றால் பதக்கத்தை ஏன் பிடுங்க வேண்டும்?

நீதிமன்றத்தில் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான வாடாவின் விதிகள் வேறு வழியில் செல்கின்றன. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு விளையாட்டாளரே பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தது என்பது விதிமீறல் நடந்ததா என்ற கேள்வியில் சேராது. தண்டனை எவ்வளவு என்ற கேள்வியில்தான் அதற்கு இடம் உண்டு.

கொடுமையாகத் தோன்றினாலும் இந்த விதியின் முதல் பாதிக்கு நியாயம் இருக்கிறது. வலையின் மறுபக்கத்திலும் பக்கத்து ஓடுபாதையிலும் இன்னொருவர் இருக்கிறார். தெரியாமல் உள்ளே போன மருந்தும் தெரிந்து எடுத்த மருந்தைப் போலவே உடலில் வேலை செய்யும். பதக்கத்தின் விஷயத்தில் சந்தேகத்தின் பலனை ஒருவருக்குக் கொடுத்தால், அதை இன்னொருவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த விதி சில நேரம் எந்தச் சோதனையிலும் தோற்காதவரையும் அடித்துவிடுகிறது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் முக்குளிப்பு வீராங்கனை வெண்டி இங்கின் மாதிரியில் சிபுட்ராமின் இருந்தது. அவர் தமது தனிநபர் தங்கத்தை இழந்தார். இரட்டையர் பிரிவில் அவருடன் குதித்த நூர் டபித்தா சப்ரியின் கழுத்திலிருந்தும் தங்கம் போனது. டபித்தா செய்த தவறு என்று எதுவுமே இல்லை.

ஆகவே பதக்கத்தில் சலுகை கேட்பது வீண். வாதாட வேண்டிய இடம் தண்டனைக் காலமும் விளையாட்டாளரின் பெயரும்தான். அங்குதான் ஏற்றத்தாழ்வு தொடங்குகிறது.

தமிழர்கள் மறந்திருக்க முடியாத ஒரு வழக்கு உண்டு. 2019 ஏப்ரலில் டோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஏழைக் குடும்பத்துப் பெண், முப்பது வயதில் கிடைத்த வெற்றி. உலகத் தமிழர்கள் கொண்டாடினார்கள், கட்சிகள் போட்டி போட்டுப் பரிசு அறிவித்தன. அடுத்த மாதமே, அவர் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டுக்கான சோதனையில் சிக்கினார் என்ற செய்தி வந்தது. தாம் எதையும் எடுக்கவில்லை என்று மறுத்தார். 2020-ல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது, தங்கமும் போனது. கொண்டாடிய குரல்களில் எத்தனை அப்போது அவருக்காகப் பேசின?

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்து, பணக்காரருக்கு எட்டு மாதம், ஏழைக்கு நான்கு ஆண்டு என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. வாடாவின் பட்டியலில் டெக்ஸாமெத்தாசோன் ஒரு வகை, நாண்ட்ரோலோன் வேறு வகை. முதல் வகையில் தவறுதலாக உள்ளே வர வாய்ப்பு அதிகம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் வகையில் இப்போதைய விதிப்படி நான்கு ஆண்டுதான் தொடக்கப் புள்ளி. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பதை விளையாட்டாளரே காட்ட வேண்டும். மேலும், கோமதியின் வழக்கில் 2019 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் வெவ்வேறு நாள்களில் எடுத்த நான்கு மாதிரிகளில் அந்த ஸ்டீராய்டு காணப்பட்டது. ஒரு வேளை உணவில் கலந்திருக்கும் என்ற வாதம் நான்கு மாதிரிகளின் முன் நிற்பது கடினம்.

ஆனாலும் அவருக்கு அநீதி நடந்த ஓர் இடம் உண்டு. டோஹாவுக்குப் போகும் முன்பே, மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில் அவரது மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. அதன் முடிவு உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் டோஹா ஓடுபாதையில் இறங்கியே இருக்க மாட்டார். ஊரறிய ஏற்றி ஊரறிய இறக்கும் அவமானமும் நேர்ந்திருக்காது. டோஹாவில் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனைக்கும் மேடையில் நின்று தம் தேசிய கீதத்தைக் கேட்கும் வாய்ப்பு அன்றே கிடைத்திருக்கும்.

வசதியின் பங்கு நுணுக்கமானது. விதிப்புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் தண்டனை குறைய வேண்டுமென்றால், மருந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டியாக வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு குறைவு, அது உண்மையாகவே இருந்தாலும். உட்கொண்ட ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், நிபுணர் அறிக்கை வேண்டும், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். 2024-ல் டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக், தூக்கத்துக்காக எடுத்த மெலடோனின் மாத்திரையில் கலப்படம் இருந்ததை நிறுவி ஒரு மாதத் தடையோடு வெளியே வந்தார். யான்னிக் சின்னர் தம் உடற்பிடிப்பாளர் பயன்படுத்திய மருந்துத் தெளிப்பானிலிருந்து வந்ததை விளக்கினார். முதலில் தடையே இல்லை, வாடா மேல்முறையீடு செய்த பிறகு 2025-ல் மூன்று மாதம். இருவருமே உண்மை சொன்னவர்களாக இருக்கலாம். ஆனால் அந்த உண்மையை நிறுவ அவர்களால் செலவு செய்ய முடிந்தது. சீமோனா ஹாலெப்பும் வசதியானவர்தான். அவருக்கே முதலில் நான்கு ஆண்டு கிடைத்து, விளையாட்டு நடுவர் மன்றம்வரை போராடி ஒன்பது மாதமாகக் குறைத்தபோது, தடையில் ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே கழிந்திருந்தது. அப்படியிருக்க, கிள்ளானிலிருந்து சுக்மாவுக்குத் தேர்வாகும் ஒரு பதினெட்டு வயது ஓட்டக்காரரின் நிலை என்ன?

அவருக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். மூட்டுவலிக்குப் பாட்டி வாங்கி வைத்திருக்கும் 'பாரம்பரிய' மாத்திரை, இரண்டே வாரத்தில் இளைக்க வைக்கும் கோப்பி, ஜிம்மில் நண்பர் கொடுக்கும் மாவு, இணையச் சந்தையில் பாதி விலைக்கு வரும் டப்பா. நமது சுகாதார அமைச்சு பாரம்பரியப் பொருள்களைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் எச்சரிக்கைகளில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் இரண்டு: டெக்ஸாமெத்தாசோன், சிபுட்ராமின். முன்னது சோங் வெய்யைச் சிக்க வைத்தது. பின்னது வெண்டியையும், அவருக்கு முன் 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வூஷு தங்கத்தை இழந்த தாய் சியாவ் சுவென்னையும். பசியை அடக்கும் சிபுட்ராமின், இதய ஆபத்து காரணமாக 2010-லேயே உலகின் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இன்னமும் அது இளைக்கும் பொருள்களில் பெயர் சொல்லாமல் கலக்கப்படுகிறது. அதாவது, 'தெரியாமல் உள்ளே போயிற்று' என்பது இந்த நாட்டில் நொண்டிச் சாக்கு அல்ல. நடக்கக்கூடியதுதான்.

அதனால் அதைச் சொல்லும் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்றும் ஆகாது. தெரிந்தே எடுத்தவர்களுக்கும் கலப்படம் என்பது வசதியான கதைதான். விதி ஆதாரம் கேட்பதற்குக் காரணமும் அதுவே. சோங் வெய் நல்லவர் என்று நாடே சாட்சி சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை. மாத்திரைக் கூடு காப்பாற்றியது.

அந்தக் கூடு எல்லாருக்கும் கைக்கெட்ட வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கையாக இருக்கும். மாநில அளவில் ஆடும் விளையாட்டாளர் சிக்கினால், அவர் உட்கொண்ட பொருள்களைச் சோதிக்கும் செலவை விளையாட்டுச் சங்கமோ அமைச்சோ ஏற்கலாம். விசாரணையில் துணை நிற்க ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம். சோங் வெய்க்குப் பின்னால் சங்கமும் அமைச்சும் நின்றன, அதில் தவறில்லை. அடுத்தவருக்கும் நிற்க வேண்டும். 'பி' மாதிரி முடிவு வரும்வரை பெயர் கசியாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் அதிகாரிகளுக்கு உண்டு. நட்சத்திரத்தின் பெயர் கசிந்தால் அவருக்காகப் பேச ஆயிரம் பேர் வருவார்கள். யாருக்கும் தெரியாத பிள்ளையின் பெயர் கசிந்தால், பிறகு குற்றமில்லை என்று வந்தாலும் அந்தச் செய்தியைப் படிக்க ஆள் இருக்காது.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மருந்து, துணைச்சத்து, பாரம்பரியப் பொருள் எதுவானாலும் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது. பதிவு எண் இருந்தாலும் அது விளையாட்டாளருக்கு ஏற்றது என்று பொருள் இல்லை. டெக்ஸாமெத்தாசோன்கூட மருத்துவமனையில் முறையாகக் கொடுக்கப்படும் மருந்துதான். மருத்துவரிடம் போகும்போதே, பிள்ளை போட்டியில் ஆடுபவர் என்று சொல்லிவிட வேண்டும். ஐயம் இருந்தால் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாசிடம் முன்கூட்டியே கேட்கலாம். எதை எப்போது, எந்தக் கடையில் வாங்கினோம் என்று ஒரு நோட்டில் குறித்து, ரசீதை அதிலேயே ஒட்டி வைக்கலாம். டப்பா காலியானதும் குப்பையில் போடாமல், நாலைந்து மாத்திரையை உள்ளேயே விட்டு, அந்தப் பருவத்தின் போட்டிகள் முடிந்து சோதனை முடிவுகள் எல்லாம் வரும்வரை எடுத்து வைத்திருக்க வேண்டும்.