ஆஸ்பத்திரியில் பிடிக்கும் வயிற்றுப்போக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் சாதாரணமாய் நடக்கக்கூடிய சங்கதி இது. நெஞ்சுச்சளி என்றோ, ஆறாத புண் என்றோ ஒரு வயோதிகரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பத்து நாள் ஊசியும் மருந்தும் ஏறுகின்றன. சளி குணமாகிறது. வீட்டிற்கு அழைத்து வந்த ஒரு வாரத்திற்குள் நாளொன்றுக்குப் பத்துத் தடவை தண்ணீராய் வயிறு போக ஆரம்பிக்கிறது. காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்ந்துகொள்கின்றன. உடனே ஒருவர் "கண்ணேறு" என்கிறார். மற்றொருவர், குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செலுத்தாத குற்றம் என்று மந்திரித்த கயிறு வாங்கப் புறப்படுகிறார். மூன்றாமவர் "ஊசிச் சூடு" என்கிறார். இம்மூவரில் ஊசியைக் குற்றம் சொன்னவர்தான் உண்மைக்குச் சற்றுக் கிட்டத்தில் இருக்கிறார் என்பது நமது அபிப்பிராயம்.

மனிதனுடைய குடலில் கோடானுகோடிக் கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு உபகாரிகள். ஆன்டிபயாடிக் மருந்தானது சளிக் கிருமியைக் கொல்லும்போது இவைகளையும் சேர்த்துக் கொன்றுவிடுகின்றது. கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் விளைகிறவரை சீமைக் கருவேல் தலைதூக்குவதில்லை. தரிசாய்ப் போட்டாலோ காடு முழுவதும் அதுதான். அதுபோலவே தரிசான குடலில் கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்னும் கிருமி பெருகி, விஷத்தைக் கக்கி, குடலைப் புண்ணாக்குகின்றது. இக்கிருமியை 1935-ல் அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் கண்டார்கள். மருந்துக்குப் பின் வரும் குடல் வியாதிக்கு இதுவே காரணம் என்பது 1978-ல்தான் ருஜுவாயிற்று. மருந்துக்குப் பின் வருகிற எல்லாப் போக்கும் இதனால் வருவதல்ல. பல லேசாய் வந்து தாமே நின்றுவிடும். ஆனால் இது வந்தால், வயோதிகர்களில் பலர் உயிருக்கே மோசம்.

இக்கிருமி வெளியில் வந்ததும் விதையாய் மாறிக்கொண்டு, கட்டிலிலும் கதவுப் பிடியிலும் மலச்சட்டியிலும் மாதக்கணக்காய்க் காத்துக் கிடக்கும். கையில் தடவிக்கொள்கிற சாராய மருந்துக்கு அது சாவதில்லை. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டுப் போகும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்தால்தான் தரையிலும் கட்டிலிலும் அழியும். இந்த வேலையைச் செய்கிறவர் யார்? காண்ட்ராக்ட் கூலிக்குக் கக்கூசு கழுவுகிற பெண்பிள்ளை. அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூசுகிற "சுத்த" ஜாதிக்காரனின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது. கையுறைகூடச் சரியாய்க் கொடுக்காமல் அவரிடம் இவ்வேலை வாங்குவது எந்தச் சுத்தத்தில் சேர்ந்தது என்று கேட்கின்றோம்.

இது ஏழை நாட்டின் தலையெழுத்து என்று சிலர் சொல்லக்கூடும். இங்கிலாந்தில் கென்ட் பிரதேசத்து ஆஸ்பத்திரிகளில் இவ்வியாதியால் சுமார் 90 பேர் நிச்சயமாகவோ, அனேகமாகவோ மாண்டார்கள் என்று 2007 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று. கட்டில்கள் நெருக்கம், நர்சுகள் போதாது, சுத்தம் போதாது; படுக்கையிலேயே போகும்படி நோயாளிகளிடம் சொன்னார்களாம்! அந்நாட்டார் இதற்குத் தேவாலயத்தில் மணியடித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்கியும், சில ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுப்படுத்தியும் வந்ததில் வியாதி வெகுவாய்க் குறைந்தது.

நம் நாட்டில் சங்கதி என்ன? கடுமையான சில ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றால் டாக்டர் பேரையும் நோயாளி பேரையும் புஸ்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று 2014 மார்ச்சு 1 முதல் விதி இருக்கிறது. நாமோ மருந்துக் கடையில் போய் "சளிக்கு நாலு மாத்திரை கொடு" என்கிறோம். ஜலதோஷக் கிருமிக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புவதில்லை. புரோகிதனிடம் "இந்த மந்திரத்துக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்கத் துணிந்த தோழர்கள்கூட, டாக்டரிடம் "இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்கக் கைகட்டி நிற்கிறார்களே! மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடாவிட்டால் ஆள் போய்விடுவான்.

இதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. கூடுமானால் பழைய மருந்தை டாக்டர் நிறுத்துவார். வான்கோமைசின் முதலியவற்றை வாய்வழியாகக் கொடுப்பார். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு வேறொரு வழியுண்டு. ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைச் சோதித்து, கரைத்து, குழாய் வழியாகக் குடலில் செலுத்துவது. 2013-ல் வெளியான ஹாலந்து நாட்டுப் பரிசோதனையில் இப்படிச் செய்த 16 பேரில் 15 பேர் குணமடைந்தார்கள். முகஞ்சுளிக்கிற வைதிகர்கள், மாட்டுச் சாணியையும் மூத்திரத்தையும் பஞ்சகவ்வியம் என்று உள்ளங்கையில் ஏந்திக் குடிப்பதைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மலம் கொடுப்பவரிடம் வியாதி உண்டா என்று பார்க்கிறார்களேயொழிய, ஜாதி என்ன என்று பார்ப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்கிற கருவி எந்தச் சோதனைச் சாலையிலும் கிடையாது.

ஆகையால், மருந்து சாப்பிட்டவருக்கு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராய்ப் போனால், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் அழைத்துப் போய், இதற்கு முன் சாப்பிட்ட மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கவேண்டாம். பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கிற ஊர்கள், ஆஸ்பத்திரியில் வார்டுக்கொரு தண்ணீர்க் குழாயும் சோப்பும், கழுவுகிறவர்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் வேண்டுமென்று சர்க்காருக்கு ஒரு மனு எழுதி, தலைக்கட்டுக்கு ஒரு கையெழுத்தாவது போட்டு அனுப்பட்டும்.