கல்லில் ஏறாமல் காண்போம்

நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் வடபகுதியில் பெட்டேன் என்னும் மழைக்காடு பரந்து கிடக்கிறது. அதன் நடுவே, மாயா மக்கள் எழுப்பிய திக்கால் என்னும் பழம்பெரும் நகரின் சிதைவுகள் உள்ளன. சுண்ணாம்புக் கல்லால் ஆன கோயில்கள் மரங்களின் உச்சியையும் கடந்து நிற்கின்றன. அவற்றுள் நான்காம் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுடையது, கி.பி. 8ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஆறு ஓடாத அந்நிலத்தில் மழைநீரைக் குளங்களில் தேக்கி மக்கள் வாழ்ந்தனர். 10ஆம் நூற்றாண்டளவில் நகரம் கைவிடப்பட்டது. காடு அதனை மூடிக்கொண்டது. 1979ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் திக்காலை உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

உலகெங்கிலுமிருந்து பயணிகள் அங்குச் செல்கின்றனர். செங்குத்தான படிகளைக் கண்டதும் உச்சிவரை ஏறிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் முதலாம் கோயிலின் படிகளில் ஏறுவதற்குத் தடை உள்ளது. இவ்வளவு தொலைவு வந்தும் ஏற இயலவில்லையே என்று சிலர் வருந்துவர். அத்தடை முறையானதே என்பது என் கருத்து.

சுண்ணாம்புக் கல் மென்மையானது. மழையும் வேர்களும் அதனை ஏற்கெனவே அரித்து வருகின்றன. ஒருவர் ஏறினால் கல் தேய்ந்துவிடாதுதான். ஆனால், எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ? நாள்தோறும் ஏறியிறங்கும் கால்கள் அப்படிகளை மெல்ல மெல்ல அழித்துவிடும். படிகள் குறுகலானவை ஆதலால், ஏறுவோரின் உயிருக்கும் அவை ஆபத்தானவை.

மற்றொரு காரணமும் உண்டு. மாயா மக்கள் மறைந்துபோன இனத்தார் அல்லர். குவாத்தமாலாவில் இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் பேசப்படுகின்றன. முன்னோர் வழிபட்ட திக்காலுக்கு வந்து சடங்குகள் செய்வோரும் உள்ளனர். பிறருடைய வழிபாட்டிடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்வோமோ, அவ்வாறே அங்கும் நடந்துகொள்ள வேண்டும்.

ஏறத் தடை விதித்தால் பயணிகள் வருகை குறையும், அவர்களை நம்பி வாழ்வோரின் வருவாயும் குறையும் என்பர் சிலர். அக்கவலை பொருட்படுத்தத் தக்கதே. அதற்குரிய விடையும் திக்காலிலேயே இருக்கிறது. நான்காம் கோயிலின் பக்கவாட்டில் மரப்படிக்கட்டு அமைத்துள்ளனர். அதன் வழியே மேலே சென்றால், பச்சைக் கடல்போல் விரிந்த காட்டையும், அதனின்று தலைநீட்டும் கோயில் முகடுகளையும் காணலாம். பயணியின் ஆவலும் நிறைவேறுகிறது. பழங்கல்லும் தேயாமல் இருக்கிறது.

அந்நான்காம் கோயிலின் வாயில்களில் சப்போட்டா மரத்தால் ஆன, சிற்பம் செதுக்கிய உத்தரங்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவை பெயர்க்கப்பட்டுச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று அவற்றைக் காண விரும்பும் மாயா சிறுவன் கடல் கடந்து செல்ல வேண்டும். பெயர்த்துச் செல்வதும், அறியாமல் மிதித்துத் தேய்ப்பதும் நோக்கத்தால் வேறுபட்டவை; விளைவால் ஒன்றே. இரண்டாலும் அடுத்த தலைமுறையினர் காண வேண்டியது குறைந்துபோகிறது. ஆதலால், பழங்கால நகரங்களைக் கண்டு மகிழச் செல்வோர், அவற்றைக் கண்டவாறே விட்டு வருவதைத் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.