அந்தக் காலத்துக்குப் போனால் நாம் யார் வீட்டில் இருப்போம்?



வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் நம் பெண்பிள்ளைகள் கூடிக் கதைக்கும் விடயங்களுள் 'அவுட்லாண்டர்' என்ற ஆங்கிலத் தொடரும் ஒன்றாகிவிட்டது. தொடரைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பார்க்காமலே கதை கேட்டவர்கள் இன்னொரு பக்கம். மௌலவியிடம் கேள்வி கேட்பதற்கு மட்டும் இரு சாராருமே தயங்குவதில்லை! ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயானா கபல்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1991இல் வெளியிட்ட நாவல் இது. 2014இல் தொலைக்காட்சித் தொடராக வரத் தொடங்கியது. 1945ஆம் ஆண்டு. உலக யுத்தம் முடிந்த வேளை. க்ளேயர் என்ற ஆங்கிலேயத் தாதி தன் கணவரோடு ஸ்கொட்லாந்துக்குப் போகிறாள். அங்கே நாட்டப்பட்டிருக்கும் பழங்காலக் கல் ஒன்றைத் தொடுகிறாள். கண் விழித்தால் அவள் நிற்பது 1743ஆம் ஆண்டில்! அங்கே ஒரு ஸ்கொட்லாந்து வாலிபனை மணக்கிறாள். பல திருப்பங்களுக்குப் பின்னர் இருவரும் கடல் கடந்து, 1767இல் வட கரோலினாவில் குடியேறுகிறார்கள். அப்போது அமெரிக்கா என்றொரு தனிநாடு கிடையாது. வட கரோலினா பிரித்தானியரின் 13 குடியேற்றங்களுள் ஒன்று. சுதந்திரப் பிரகடனம் வந்தது 1776இல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உம்மாவும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பார்க்கக்கூடிய தொடர் அல்ல இது. வெட்கமற்ற காட்சிகளும் கொடூரக் காட்சிகளும் அதில் நிறைய உண்டு. பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போகும் தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும். என்றாலும் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களின் மனதில் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் முறையாகாது.

"கதாநாயகியின் முதற் கணவர் 1945இல் உயிரோடு இருக்கிறார். 1743இலோ அவர் இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியானால் அவளுடைய இரண்டாவது கலியாணம் கூடுமா, மௌலவி?" என்று ஒரு சகோதரி கேட்டார். கெட்டித்தனமான கேள்விதான். ஆனால் நடக்க முடியாத காரியத்துக்குச் சட்டம் சொல்லப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். கற்பனைக்குப் பத்வா இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

"இதெல்லாம் உண்மையில் நடந்ததா?" என்று கேட்டார் வேறொருவர். பாதி உண்மை, பாதி கற்பனை. தொடரில் வரும் ஆளுநர் வில்லியம் ட்ரையன் உண்மையாகவே 1765 முதல் 1771 வரை வட கரோலினாவை ஆண்டவர். 1771இல் அலமான்ஸ் என்ற இடத்தில் குடியானவர்களுக்கும் அவருடைய படைக்கும் நடந்த சண்டையும் உண்மை. கதாநாயகனும் கதாநாயகியும் அவர்கள் குடியேறிய மலைக் கிராமமும் கற்பனை.

ஆனால் ஒரு பிள்ளை சொன்ன வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. "அந்தக் காலத்துக்குப் போக முடிந்தால் எவ்வளவு நல்லா இருக்கும், சேர்!" என்றாள் அவள். பெரிய வீடு, மெழுகுவர்த்தி வெளிச்சம், நீண்ட பாவாடை, குதிரை வண்டி எல்லாம் அவளுடைய கண்ணில் நின்றன.

சகோதரிகளே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். க்ளேயர் கல்லைத் தொட்டுப் போனாள். அவள் வெள்ளைக்காரி, ஆங்கிலம் பேசுபவள், வைத்தியம் அறிந்தவள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும். அதே கல்லை நம் பிள்ளை தொட்டிருந்தால்? நம்முடைய நிறத்தோடும் நம்முடைய பெயரோடும் 1767ஆம் ஆண்டின் வட கரோலினாவில் போய் விழுந்தால், அந்த வீட்டின் எந்த வாசலால் அவளை உள்ளே எடுத்திருப்பார்கள்?

தொடரிலே கதாநாயகனின் மாமி ஒருத்தி வருகிறாள். க்ரொஸ் க்ரீக் என்ற ஊருக்கு அருகே அவளுக்குப் பெரிய தோட்டமும் மாளிகையும் இருக்கின்றன. அங்கே வேலை செய்வோர் அடிமைகள். நியாயமாகச் சொல்வதானால், தொடர் அதை மறைக்கவில்லை. அடிமைகளைத் தன் உடைமையாக ஏற்கக் கதாநாயகி மறுக்கிறாள். ஆனாலும் நாம் காண்பது அவளுடைய மன வேதனையையே. தட்டை ஏந்தி நிற்பவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய தாய் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பதெல்லாம் பெரும்பாலும் திரைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டு செல்லப்பட்டோரில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஓதத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இன்றைய செனகல் நாட்டிலுள்ள புண்டு என்ற பகுதியைச் சேர்ந்தவர் அய்யூப் இப்னு சுலைமான். ஆலிம் குடும்பம். 1730இல் கம்பியா ஆற்றங்கரைக்கு வியாபாரத்துக்குப் போன இடத்தில் பிடிபட்டார். மேரிலாந்துக் குடியேற்றத்தில் விற்கப்பட்டார். காட்டுக்குள் ஒதுங்கித் தொழும்போது ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் அவருடைய முகத்தில் மண்ணை அள்ளி வீசுவானாம். தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் எப்படியோ லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடிதமே அவருடைய விடுதலைக்கு வழி திறந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, முழுக் குர்ஆனையும் மனனமாகவே மூன்று பிரதிகள் எழுதினார். 1734இல் தாயகம் திரும்பினார்.

இதில் மறைக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. அவர் அன்று ஆற்றங்கரைக்குப் போனது காகிதம் வாங்குவதற்கும் இரண்டு மனிதரை விற்பதற்கும்! விற்கப் போனவரே விற்கப்பட்டார். நம்மவர் என்பதற்காக இதை நாம் விழுங்கிவிடலாகாது. அந்த இருவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தவர் உமர் இப்னு ஸஈத். செனகலின் பூட்டா டோரோவில் 25 வருடங்கள் கல்வி கற்றவர். 1807இல் பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டார். கொடுமைக்கார எசமானிடமிருந்து தப்பி ஒரு மாத காலம் நடந்தார். பேயட்வில் என்ற ஊரில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைச் சுவரில் அவர் அரபியில் எழுதிய எழுத்துகளைப் பார்க்க ஊரே திரண்டது. அந்தப் பேயட்வில் எந்த ஊர் தெரியுமா? தொடரில் வரும் அதே க்ரொஸ் க்ரீக்தான்! 1783இல் பெயர் மாறியது, அவ்வளவுதான்.

1831இல் உமர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அது ஸூரத்துல் முல்கோடு தொடங்குகிறது. அவருக்கு எசமானர்கள் ஞானஸ்நானம் செய்வித்ததும் உண்டு. ஓர் அடிமையின் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். 1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிவதற்கு முன்னரே, 90 வயதைக் கடந்தவராய், அடிமையாகவே இறந்தார். அவருடைய கைப்பிரதி பல தசாப்தங்கள் காணாமற்போய், 1995இல் ஒரு பழைய பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. பேயட்வில் நகரில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது.

"ஆண்களின் கதையாகவே சொல்கிறீர்களே, பெண்கள் எங்கே?" என்று கேட்பீர்கள். பெண்கள் குசினியில் இருக்கிறார்கள். ஜோர்ஜியாவின் சப்பலோ தீவில் பிலாலி முஹம்மத் என்ற அடிமை இருந்தார். மாலிக்கி மத்ஹப் சட்டங்களை அரபியில் 13 பக்கங்களில் எழுதி வைத்தவர். மார்கரெட், ஹெஸ்டர் என்பன அவருடைய பெண்மக்களுள் இருவரின் பெயர்கள். 1930களில் எழுத்தாளர் சிலர் அந்தத் தீவுக்குப் போய், முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதினார்கள். அப்போது அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் சொன்னதைக் கேளுங்கள். உம்மம்மா அரிசியைக் கழுவி இரவு முழுதும் ஊறவைப்பாளாம். காலையில் உரலில் போட்டு உலக்கையால் இடிப்பாளாம். தேனோ சீனியோ கலந்து கையால் தட்டையாகத் தட்டுவாளாம். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்தி, "ஆமீன்" என்று சொல்லிப் பகிர்ந்து கொடுப்பாளாம். அந்தப் பலகாரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சரக்கா'. ஆம் சகோதரிகளே, ஸதக்கா! கிதாபைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் மறைந்த பின்னும், அந்தச் சொல்லை நூறு வருடம் காப்பாற்றியது ஒரு பெண்ணின் உரலும் உலக்கையும்தான். அரிசி ஊறப்போட்டு மா இடித்து நார்சா கொடுத்து வளர்ந்த நமக்கு அந்த மணம் புதிதா?

இது தூர தேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். அதே 1767இல் கொழும்பு எப்படி இருந்தது?

அப்போது இங்கே ஆட்சி ஒல்லாந்துக் கம்பெனியிடம். 1656 முதல் 1796 வரை கொழும்பு அவர்களின் கையில். கொட்டாஞ்சேனையில் இன்றும் நிற்கிறதே வொல்வெண்டால் தேவாலயம், அது 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறக்கப்பட்டது. 1766 உடன்படிக்கையினால் கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்ததற்கு மறுவருடம்தான் 1767. வொல்வெண்டால் சுவரில் கை வைத்து நம் பிள்ளை அந்த வருடத்துக்குப் போயிருந்தால் என்ன கண்டிருப்பாள்?

'அவுட்லாண்டர்' என்றால் அயலவர் என்று பொருள். ஒல்லாந்தரின் சட்டம் நம் மூதாதையருக்கு வைத்த பெயரும் அதுதான். சோனகர்களையும் செட்டிமாரையும் அயலவர் என்று வகுத்து, 'ஊழியம்' என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். செய்ய இயலாதவர் அதற்காகப் பணம் கட்ட வேண்டும். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் காணி, வீடு வைத்திருக்கத் தடை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1832இல்தான் அந்தத் தடை நீங்கியது. இன்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?

கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு, என்று அழைத்தார்களே, ஏன்? ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். உமரைப் போல் சிறைப்பட்டு எழுதியவரும் இங்கே இருந்தார். மக்காசாரைச் சேர்ந்த ஷெய்கு யூஸுபை ஒல்லாந்தர் 1684இல் இந்த நாட்டுக்கு நாடு கடத்தினார்கள். இங்கிருந்தபடியே அவர் அரபியில் நூல்கள் எழுதினார். அதுவும் பொறுக்காமல் 1694இல் தென்னாபிரிக்காவின் கேப் முனைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் இது: "மகளே, அந்தக் காலம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நீ போயிருந்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அமர்ந்திருக்கமாட்டாய். அதைக் கொளுத்திவிட்டுப் பின்வாசலால் போனவளாய் இருந்திருப்பாய். எந்தச் சரித்திரத் தொடரைப் பார்த்தாலும், இந்த வீட்டில் தண்ணீர் அள்ளியவர் யார், மா இடித்தவர் யார் என்று கேள்."

கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். நம் உம்மம்மாமார் பலர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் பழகியவர்கள். கடிதமும் கணக்கும் சமையற் குறிப்பும் அரபுத்தமிழில் எழுதினார்கள். அலுமாரியின் அடித்தட்டிலோ ட்ரங்குப் பெட்டியிலோ அப்படி ஒரு தாள் கிடந்தால், வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால், உங்கள் மஹல்லாவில் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடமோ ஆலிமிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து மூன்று விடயங்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம்? முதல் வீடு எந்தத் தெருவில்? உங்கள் உம்மம்மாவின் பெயர் என்ன?

நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அய்யூப் விற்கப் போன அந்த இருவரை மனதில் வைத்துக்கொண்டு இதையும் கேளுங்கள். நம் வீட்டுக் குசினியிலும் ஒரு பிள்ளை இருந்தாளே, மலையகத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் வந்து, மா இடித்து, நம் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். அவளுடைய பெயர் என்ன? அவளுடைய தாய் எந்தத் தோட்டத்தில் இருந்தாள்? அதையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள்.